சடங்கு மேடையில் விட்ட புகை

எங்க வீட்ல எல்லாருக்கும் வைத்தியம் தெரியும். என் பொண்ணுக்கு இருக்கிறது ஆஸ்துமா இழுப்புன்னு கண்டுபிடிச்ச ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தருக்குத்தான் ஒண்ணும் தெரியாது. இது எங்க மாடி அண்ணியோட தீர்ப்பு. மாடி அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா. திருவொற்றியூர்ல எங்க வீட்டுக்கு மேல் மாடியில குடியிருக்காங்க. பிரைவேட் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். என் பொண்ணும் அதே ஸ்கூல்லதான் எட்டாவது படிக்கிறா. கலர் சாக்பீஸால அவங்க போர்டுல நுரையீரல் வரைஞ்சா பக்கத்து கிளாஸ் டீச்சருங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போவாங்களாம். வீட்ல நெசமான நுரையீரல் ஒண்ணு கீய் கீய்னு கத்திக்கிட்டுக் கெடக்கும். அது மட்டும் அவங்க காதுல விழாது.

டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. வாயில வெச்சு இழுக்கிற மருந்து பம்ப் ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணை நல்லா இருக்கும்போதும் காலையும் சாயங்காலமும் இழுக்கணும். இன்னொண்ணு நீலக் கலர், மூச்சு முட்டும்போது இழுக்கிறதுக்கு. "இந்த நீலத்தைப் பொண்ணு எங்க போனாலும் கூடவே அனுப்புங்க. வேணும்கிறப்ப தேடிக்கிட்டு நிக்கக் கூடாது"ன்னாங்க. இதுல புரியாம இருக்க என்ன இருக்கு? எனக்குப் புரிஞ்சுது, என் பொண்ணுக்குப் புரிஞ்சுது, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல கிரேன் ஓட்டுற என் வீட்டுக்காரருக்கும் புரிஞ்சுது. புரியலைன்னு அடம் பிடிச்சது டீச்சரம்மாதான்.

"பம்ப் வெச்சா பழகிடும்மே. அப்பால காலம் பூரா அது இல்லாம மூச்சே வராது. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான்னா இன்னா சொல்லுவே?"

"சோறுகூடத்தான் பழகிப் போச்சு. நிறுத்திரலாமா அண்ணி?"ன்னு கேட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு ஒரு வாரம் கீழயே எறங்கி வரலை. வீடு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.

அவங்களை மட்டும் சொல்லக் கூடாது. எங்க ஏரியாவே அப்படித்தான். சாயங்காலம் எந்தக் கிளினிக்குக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. பிள்ளைங்க வரிசையா மூக்குல மாஸ்க்கை மாட்டிக்கிட்டு மெஷின்ல ஆவி புடிச்சிக்கிட்டு இருக்கும். அம்மாக்காரிங்க பக்கத்துல உக்காந்து செல்லைத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. "இன்னாக்கா, உம் பையனுக்கும் மாஸ்க்கா?" "ஆமாமே, பனி ஒத்துக்கல." இவ்வளவுதான் பேச்சு. அதுல வெக்கமே கெடையாது, ஏன்னா அது சளி. அதே மருந்து கைக்கு அடக்கமா ஒரு பம்ப்புல வந்தா மட்டும் அது நோய். யாரும் பாத்துடக் கூடாது. பொடவை மடிப்புல ஒளிச்சு வெக்கணும். பனியாம் பனி! கொடியில காயப்போட்ட வெள்ளைச் சட்டைய சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் பூத்துக் கெடக்கு. ஜன்னல் கம்பியத் தொட்டா விரல் கறுப்பாகுது. கன்டெய்னர் லாரி ராவும் பகலும் வரிசை கட்டி நின்னு புகை விடுது. அந்தப் பக்கம் அத்திப்பட்டுல கரண்டுக்கு நிலக்கரி எரியுது. வேர்த்து ஊத்துற ஊர்ல உக்காந்துக்கிட்டு பனி ஒத்துக்கலையாம் இவளுங்களுக்கு.

நான் ராயபுரத்துல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஹார்பர்ல சரக்கு எடுக்கறதுக்குப் பேப்பர் தயார் பண்ற வேலை. காலையில போனா பொழுது சாஞ்சுதான் வீடு. நடுவுல பொண்ணு அண்ணி கையில. அண்ணி கையில செல்போன். அதுல காலையில எழுந்த உடனே எவனோ ஒருத்தன் நுரையீரலைக் கழுவுறது எப்படின்னு பாடம் எடுப்பான். ஒரு வாரம் தூதுவளை. ஒரு வாரம் வெறும் வயித்துல இஞ்சிச் சாறு. ஒரு நாள் தெருவுல கழுதைய ஓட்டிக்கிட்டு வந்தவனை நிறுத்திப் பால் கறக்கச் சொல்லி, எட்டாவது படிக்கிற பொண்ணுக்குப் பாலாடையில புகட்டி இருக்காங்க. பொண்ணு வாந்தி எடுத்துட்டு எனக்குப் போன் பண்ணி, "அம்மா, அத்தை என்னைக் கைக்கொழந்தைன்னு நெனச்சிக்கினு கீறாங்க"ன்னா. நான் ஆபீஸ்ல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஸ்கூல் மட்டும் என்ன வாழுது? காத்து மாசுன்னு ஒரு பேச்சுப் போட்டி வெச்சாங்க. அண்ணி எழுதிக் குடுத்ததை என் பொண்ணு மூச்சு வாங்கிக்கிட்டே ஒப்பிச்சு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினா. விழா முடிஞ்சதும் பேப்பர் பிளேட்டு, பிளாஸ்டிக் கப்பு எல்லாத்தையும் ஸ்கூல் பின்னாடியே குவிச்சுக் கொளுத்திட்டாங்க. என் பொண்ணு பிரைஸைக் கையில புடிச்சிக்கிட்டு நேரா கிளினிக்குக்குப் போய் மாஸ்க் வெச்சிக்கிட்டா. இதுக்குப் பேரு கல்வி.

அந்தக் கோடை லீவுலதான் பொண்ணு வயசுக்கு வந்தா. அடேங்கப்பா, அண்ணிக்கு வந்த சுறுசுறுப்பைப் பாக்கணுமே! டீச்சர் எங்க போனாங்கன்னே தெரியலை. ரூம் மூலையில பொண்ணை உக்கார வெச்சு, பச்சை முட்டை, மேல நல்லெண்ணெய், அதுக்கு மேல உளுத்தங்களின்னு ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன், தின்னா செமிச்சுடும்னு. நான் ஆபீஸ்லேருந்து வந்து பாக்கறேன், ஜன்னல், கதவு எல்லாம் சாத்திக் கெடக்கு, ரூம் பூரா சாம்பிராணி. தீட்டு போகணுமாம். உள்ள பொண்ணு பாய் மேல குனிஞ்சு, முட்டி மேல கைய ஊணிக்கிட்டு, தோள் ஏறி எறங்க மூச்சு வாங்கறா. நீலப் பம்ப் எங்கடின்னா, அத்தை பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்கன்னு கைய மேல காட்டறா. பேச முடியலை அவளுக்கு.

மாடிப்படி ஏறிப் போய் நான் கேட்ட கேள்வி தெருவுக்கே கேட்டுது. அண்ணி அசரலை. "இந்த நேரத்துல ஒடம்பு தானே சுத்தமாவும்மே. மருந்த போட்டு அத்தக் கெடுக்கறியே"ன்னுக்கிட்டே சாவியக் குடுத்தாங்க. பாடப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு இது? ஜன்னலைத் தொறந்து, பொண்ணு பம்ப்பை இழுத்து, மூச்சு ஒரு நெலைக்கு வர்ற வரைக்கும் அவ முதுகைத் தடவிக்கிட்டு நின்னேன். என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, "அக்கா நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கும்"னார். நல்லதுக்குச் செஞ்சு என் பொண்ணு போய்ச் சேந்திருந்தா நல்லடக்கம் பண்ண மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்களான்னு கேட்டேன்.

மஞ்சத்தண்ணி விழா மண்டபத்துல வெச்சாங்க. வேணாம்னு நான் கரடியா கத்துனேன். புளியந்தோப்புல இருக்கிற என் தம்பி, பொண்ணுக்குத் தாய்மாமன், அவன் கேக்கலை. "இன்னாக்கா நீ, ஒரே மருமவ. கெத்தா செய்ய வேணாமா? நீ கம்முனு இரு"ன்னுட்டான். தெரு முனையில ஃபிளெக்ஸ், செண்டை மேளம், சீர் தட்டு தூக்க நூறு பேர். அதோட மேடையில புகை விடற மெஷின் வேற. பொண்ணு புகைக்குள்ளேருந்து தேவதை மாதிரி வரணுமாம். "டேய், அவளுக்குப் புகை ஆவாதுடா"ன்னேன். "இது அந்தப் புகை இல்லக்கா, ஐஸு மாதிரி, ஒண்ணும் ஆவாது"ன்னான். அவனும் அதுல டாக்டர்.

அண்ணிக்கு வேற கணக்கு. ராயபுரத்துல வாழ்க்கைப்பட்ட அவங்க சித்தப்பா பொண்ணு குடும்பத்தோட வர்றாங்க. அந்த ராயபுரத்து அண்ணிக்கு ஒரே பையன், காலேஜ்ல சேந்திருக்கான். அத்தை பையன், முறைதானேன்னு மாடி அண்ணி மனசுக்குள்ளயே கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு! "பம்ப் கிம்ப்புன்னு அவங்க எதிர்ல வாயத் தொறந்துடாதமே, அவ வூட்டுக்காரரு நோய் நொடின்னா ரொம்பப் பாப்பாரு"ன்னு எனக்கு வகுப்பு வேற எடுத்தாங்க. நான் கேக்கலை. காலையில மண்டபத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே நீலப் பம்ப்பை என் ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்பை இழுத்தேன்.

அப்புறம் அந்த நேரம் வந்துச்சு. பொண்ணுக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரி மேக்கப், தலை நிறைய பூ, மூச்சு விட எடமில்லாம இறுக்கிக் கட்டின பட்டு. வெளியில தம்பி ஆளுங்க சரவெடி வெச்சு, அந்த நெடி பூரா மண்டபத்துக்குள்ள. மேடையில மாடி அண்ணி கையில மைக். "இப்போது நம்ம வீட்டு இளவரசி"ன்னு அவங்க ஆரம்பிக்க, மெஷின்காரன் ஒரு பட்டனை அழுத்தினான். வெள்ளையா ஒரு மூட்டைப் புகை குபுகுபுன்னு வந்து பொண்ணு இடுப்பு வரைக்கும், நெஞ்சு வரைக்கும் ஏறிச்சு. ஜனம் கை தட்டுது. போட்டோக்காரன், "தலையக் குனிம்மா, கண்ண மட்டும் தூக்கு, லேசா வெக்கப்படு"ங்கறான்.

பொண்ணு தலையக் குனிஞ்சா. அப்புறம் நிமிரலை. தோள் மட்டும் மேல போய் மேல போய் வருது. முன் வரிசையில ஒருத்தி, "பாருடி, வெக்கத்துல அழுவுது"ங்கறா. இன்னொருத்தி கண்ணத் தொடச்சிக்கறா. போட்டோக்காரன், "சூப்பர், சூப்பர், அப்படியே இரு"ங்கறான். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு மேடையில ஏறி அவ மூஞ்சியத் தூக்கிப் பாத்தா, லிப்ஸ்டிக் ஓரத்துல உதடு நீலம் பாஞ்சு கெடக்கு. கண்ணு என்னையே பாக்குது.

பேக்கைத் தொறந்து அங்கயே கவுத்தேன். சீப்பு, செல்லு, குங்கும டப்பா, சாவிக்கொத்து. பம்ப்பைக் காணோம்.

"பம்ப் எங்க அண்ணி?"ன்னு கத்தினேன். அவங்க கையில மைக் அப்படியே இருந்துச்சு. மண்டபம் பூரா நான் கத்தினது கேட்டுச்சு. அண்ணி மைக்கைக் கையால பொத்திக்கிட்டு, "கத்தாதமே, ராயபுரத்துக்காரங்க பாக்கறாங்க. மண்டபத்துல உன் பைய யாருனா தொறந்து பாத்துட்டா? நீ பொடவ கட்டறப்பவே எடுத்து பீரோல பத்திரமா வெச்சிட்டு வந்துட்டேன்"னாங்க.

"பீரோவுக்கா மூச்சு முட்டுது? என் பொண்ணுக்குடி!" அண்ணியப் போய் 'டி' போட்டுட்டேன். அது பெரிய குத்தம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறாங்க. தம்பி மெஷினை நிறுத்துடான்னு ஓடறான், என் வீட்டுக்காரர் பைக் சாவியத் தேடறார், யாரோ சோடா வாங்கியாங்கறான், யாரோ கையில இரும்பைக் குடுங்கறான். அத்தனை பேரும் வைத்தியருங்க. நான் மேடையிலயே உக்காந்துட்டேன், பொண்ணு என் தோள் மேல சாஞ்சு கெடக்கா. உள்ள போற காத்தும் இல்ல, வெளிய வர்ற காத்தும் இல்ல.

அப்பதான் அந்தப் புகைக்குள்ளேருந்து ராயபுரத்து அண்ணி வந்தாங்க. ஜரிகைப் பொடவை, கழுத்து நிறைய நகை. வேடிக்கை பாக்க வர்றாங்கன்னு நெனச்சு எரிச்சலா வந்துச்சு எனக்கு. முதுகை ஜனத்துக்குக் காட்டி மண்டி போட்டு உக்காந்தாங்க. ஜாக்கெட்டுக்குள்ள கைய விட்டு ஒரு குட்டிப் பர்ஸை எடுத்தாங்க. பர்ஸுக்குள்ள நீலப் பம்ப். குலுக்கி, பொண்ணு வாயில வெச்சு, "மொதல்ல ஊதி வுடு கண்ணு. இப்ப இழு. மெதுவா. உள்ளயே புடிச்சி வெய்யி"ன்னு சொல்லிச் சொல்லி இழுக்க வெச்சாங்க. எத்தனை நாள் பழக்கமோ, கை நடுங்கலை. நாலஞ்சு தடவைக்கு அப்புறம் பொண்ணு நெஞ்சுல கீய்னு ஒரு சத்தம் வந்துச்சு. அந்தச் சத்தம் மாதிரி இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. காத்து போவுதே!

நான் அவங்க கையப் புடிச்சிக்கிட்டேன். அவங்க என் காதுகிட்ட குனிஞ்சு, "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. யாராண்டயும் சொல்லிடாதம்மா"ன்னாங்க. புகை கலையறதுக்குள்ள எழுந்து போய்த் தன் சேர்ல உக்காந்துட்டாங்க. அவங்க வந்ததையும் போனதையும் புகை மறைச்சுடுச்சு. ஆட்டோவுல பொண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஆக்ஸிஜன் வெச்சாங்க, பொழைச்சுக்கிட்டா. அவ கையில இறுக்கிப் புடிச்சிருந்த ராயபுரத்து அண்ணியோட பம்ப்பும் அப்படியே எங்களோட வந்துடுச்சு.

அந்த வாரமே மாடி அண்ணி ராயபுரத்துல கல்யாணப் பேச்சை எடுத்துப் பாத்துட்டு அழுதுக்கிட்டே கீழ எறங்கி வந்தாங்க. கையில செல்போன், ஸ்பீக்கர்ல ராயபுரத்து அண்ணி. "அவருக்கு மனசு ஒப்பலக்கா. இழுப்பு கீற பொண்ணக் கட்னா பேரப் புள்ளைங்களுக்கும் வருமாம். எங்க வூட்ல யாருக்கும் அந்த நோவு கெடையாது. தப்பா எடுத்துக்காத." சொல்லி முடிச்சதும் போனை வெச்சுட்டாங்க.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிச்சு. யாருக்கும் கெடையாதாமே! இந்தக் கல்யாணம் யாருக்கு வேணும்? என் பொண்ணு இன்னும் பத்தாவது முடிக்கலை. ஆனா என் பொண்ணு நெஞ்சைச் சாக்கா வெச்சு, அதே நெஞ்சைப் பொடவைக்குள்ள மறைச்சிக்கிட்டு ஒருத்தி பேசறாளே! நேரா ராயபுரத்துக்குப் போறேன், அந்தப் பம்ப்பை அவங்க ஹால்ல, அந்த மனுஷன் எதிர்ல, டீப்பாய் மேல வெக்கறேன், "இது உங்க வீட்டம்மாவோடது, மறந்துட்டு வந்துட்டாங்க"ன்னு சொல்றேன்னு குதிச்சேன். மாடி அண்ணிக்கு ஒண்ணும் புரியலை. வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க.

கட்டில்ல படுத்திருந்த என் பொண்ணு எழுந்து உக்காந்தா. "அம்மா, அந்த அத்தையோட பம்ப் நம்மகிட்டதானே கீது?"

"ஆமா. அதான் எடுத்துனு போய் வெக்கப் போறேன்."

"அப்ப இத்தினி நாளா அவங்களுக்கு இழுத்திருந்தா இன்னாம்மா பண்ணி இருப்பாங்க?"

நான் யோசிக்கவே இல்லை அதை. பெத்தவ நான், ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதவ நான், எனக்கு அது தோணலை. என் கோவம்தான் எனக்குப் பெருசா இருந்துச்சு.

மறுநாள் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு ராயபுரத்து அண்ணி வீட்டுக்கு நடந்தே போனேன். ஹால்ல அந்த மனுஷன் டிவி பாத்துக்கிட்டு இருந்தார். "வாம்மா. ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. எங்க வூட்ல எல்லாம் பரம்பரையா கெட்டி ஒடம்பு. அதான் யோசிக்கிறோம்"னார். வாயில நல்லா வந்துச்சு எனக்கு. முழுங்கிட்டு, "அண்ணி எங்கண்ணே?"ன்னேன். சமையல்கட்டைக் காட்டினார்.

அரிசி டிரம் மேல உக்காந்திருந்தாங்க. ரெண்டு கையும் முட்டி மேல ஊணி, தோள் காதுகிட்ட ஏறிக் கெடந்துச்சு. கழுத்துக் குழி உள்ள போய் உள்ள போய் வருது. என் பொண்ணு பாய் மேல உக்காந்திருந்த அதே மாதிரி. "வேற பம்ப் வாங்கலியா அண்ணி"ன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, "தெரு மெடிக்கல்காரன்... இவரு தோஸ்து... கண்ணு டெஸ்டுக்கு... போறேன்னு... சொல்லித்தான்... பெரியாஸ்பத்திரில... வாங்கறது"ன்னு வார்த்தை வார்த்தையா வந்துச்சு. நான் பம்ப்பை நீட்டினேன்.

கையில வாங்கினவங்க உடனே இழுக்கலை. மொதல்ல எழுந்து போய் மிக்ஸியப் போட்டாங்க. ஜார்ல ஒண்ணுமே இல்லை. அது வெறுமனே காட்டுக் கத்தலா கத்துச்சு. அந்தச் சத்தத்துக்குள்ள செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டு பம்ப்பை அழுத்தி இழுத்தாங்க, நிறுத்தி, திரும்ப இழுத்தாங்க. இத்தனை வருஷமா இவங்க மூச்சு விட்டது இப்படித்தானா? ஹால்ல இருக்கிற கெட்டி ஒடம்பை ரெண்டு அறை அறையணும் போல இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு தோள் எறங்குச்சு. மிக்ஸி ஓடிக்கிட்டே இருக்க, என்கிட்ட வந்து, "உம் பொண்ணு குடுத்து வெச்சவம்மா. அன்னிக்கி மண்டபமே கேக்கறாப்ல அவளுக்கோசரம் நீ கத்துன"ன்னாங்க.

ஹால்லேருந்து அந்த ஆளு குரல் வந்துச்சு. "இன்னாமே அது, இவ்ளோ நேரமா இன்னா அரைக்கிற?"

"தேங்கா!"ன்னாங்க. இப்ப ஒரே மூச்சுல சத்தமா சொல்ல முடிஞ்சுது அவங்களால.